முனியை யாரும் இறக்கவில்லை

தம்பி,

நேற்று நீ வந்துவிட்டுப் போன பிறகு உன் அம்மா நேரே அடுப்படிக்குப் போனாள். நீ தேநீர் குடித்த குவளையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, காய்ந்த துணியை எடுக்கப் பின்பக்கம் போனாள். திரும்பி வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அவன் வாயில அந்த வார்த்தை எங்கேருந்துங்க வந்துச்சு?" எந்த வார்த்தை என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அதுதான் காதில் நின்றுகொண்டிருந்தது. கோயில் வாசலில் இருக்கும் முனியாண்டியைப் பற்றிப் பேசும்போது, "அது வெறும் கல்லுதானேப்பா" என்றாய். கோபமாகச் சொல்லவில்லை, கேலியாகவும் சொல்லவில்லை. எனக்கு ஆறுதல் சொல்வதுபோல் சொன்னாய். அதனால்தான் அங்கேயே பதில் சொல்ல முடியவில்லை. யோசித்து எழுதுகிறேன் என்றேன். யோசித்துவிட்டேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கும் புரியவேண்டும் என்பதற்காக முதலிலிருந்து சொல்கிறேன். பத்து காஜா டவுனுக்குப் போகும் சாலையோரத்தில் இருக்கும் நம் மாரியம்மன் கோயிலுக்கு அடுத்த மாதம் கும்பாபிஷேகம். நீ நிர்வாகக் குழுவின் செயலாளர். புதுக் கோபுரம் எழும்பிவிட்டது, சுற்றுச்சுவரில் சுதை வேலை நடக்கிறது. திருப்பணி முடியுமுன் முனியாண்டியின் கல்லை வாசலிலிருந்து எடுத்துக் கிந்தா ஆற்றில் விட்டுவிடுவது என்று குழு முடிவு செய்திருக்கிறது. அவருக்குச் சுருட்டு, சம்சு சாராயம், கோழி என்று படைப்பது ஆகமத்துக்குப் பொருந்தாதாம். ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் பெரிய மனிதர்கள் வரப்போகிறார்கள், வாசலில் அவர் நிற்பது அழகாக இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை லாரி வருகிறது. பழைய தோட்டத்து ஆட்கள் நான் சொன்னால் கேட்பார்கள் என்பதால் தலைவர் உன்னை என்னிடம் அனுப்பினார். என் பதில், முடியாது என்பது. அதை உனக்கு மட்டும் சொன்னால் நீ அதை மென்மையாக்கித் தலைவரிடம் சொல்வாய். உன் குணம் அது. ஆகவே நான் இத்தனை வருடம் வேலை பார்த்த பத்திரிகைக்கே இதையும் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை வரும். குழுவில் இருக்கும் எல்லோரும் காலையில் ரொட்டி சானாயோடு அந்தப் பத்திரிகையைத்தான் விரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

நிருபராக இருந்தவன் ஆகையால் நான் பார்த்தது எது, கேட்டது எது என்று பிரித்தே சொல்கிறேன். கேட்டது முதலில். நாம் முன்பு இருந்த மேட்டுத் தோட்டத்தில் காட்டை வெட்டி ரப்பர் நட வந்தவர்கள் ஒரு பெரிய மரத்தடியில் நின்ற கல்லை முனியாக வைத்துக் கும்பிட்டார்கள். உளி படாத கல். முகம் கிடையாது, கை கிடையாது. காட்டு வேலைக்குப் போகுமுன் அவர் முன்னால் நின்று சொல்லிவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான். அம்மன் வந்தது பிறகு. நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, ரயிலில் பத்து காஜாவுக்கு வந்தாள். வைக்கோலும் சாக்கும் சுற்றி வந்த சிலையை ஸ்டேஷனில் சோதனைக்காகப் பிரித்தார்களாம். முகம் தெரிந்த பிறகு மறுபடி மூடக்கூடாது என்று பெண்கள் பிடிவாதம் பிடித்ததால், திறந்த முகத்தோடு மாட்டு வண்டியில் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தாள். இதை எனக்குச் சொன்னவர்கள் இரண்டு பேர். ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். இருவரும் சொன்னது ஒன்றாக இருந்ததால் நம்புகிறேன். இருவரும் சொன்ன இன்னொன்று, அம்மனை எங்கே வைப்பது என்று முனியிடம் கேட்டுத்தான் வைத்தார்கள் என்பது. இடம் அவருடையது. அம்மன் அவர் கொடுத்த இடத்துக்கு வந்தவள். இன்றைக்கு நீங்கள் வீட்டுக்காரரை வெளியே அனுப்பிவிட்டு வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறீர்கள்.

இனி நான் பார்த்தது. எழுபதுகளின் நடுவில் வெள்ளைக்காரக் கம்பெனி மேட்டுத் தோட்டத்தை விற்றது. வாங்கியவர்கள் அதைத் துண்டு போட்டார்கள். ரப்பரை வெட்டிச் செம்பனை நடப்போவதாகவும், கோயில் இருந்த இடத்தில் புதுச் சாலை வருவதாகவும் சொன்னார்கள். நீ அப்போது ஈப்போவில் மாமா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். பரீட்சை நேரம் என்பதால் உனக்கு ஒன்றும் சொல்லவேண்டாம் என்று உன் அம்மா சொல்லிவிட்டாள். லயத்து வரிசை வீடுகளில் பாதி காலியாகிவிட்டது. காம்பாருக்கும் சித்தியவானுக்கும் ஈப்போ கம்பத்துக் குடியிருப்புகளுக்கும் ஆட்கள் சிதறிக்கொண்டிருந்தார்கள். இருந்தவர்களுக்கு ஒரே கவலைதான். நாம் எங்கேயாவது ஒண்டிக்கொள்ளலாம், சாமியை எங்கே கொண்டுபோவது? நிர்வாகம் மெயின் ரோட்டோரம் கொஞ்சம் இடம் தருவதாக வாய்வார்த்தை சொன்னது. அதை நம்பி நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு காரியம் செய்தோம். வேறு எந்த ஜனமும் செய்யாது. இடம் கைக்கு வருமுன்பே ஈப்போவிலிருந்து குருக்களை வரவழைத்துப் பாலாலயம் நடத்தினோம். கோயிலைப் பிரிக்குமுன் சிலையில் இருக்கும் சாமியை மந்திரம் சொல்லிக் கும்பத்தில் இறக்குவது அந்தச் சடங்கு. புதுக்கோயில் எழும்பும்வரை பூசையெல்லாம் அந்தக் கும்பத்துக்குத்தான். அம்மனைச் சொம்பில் இறக்கித் தகரக் கொட்டகையில் வைத்தோம். பெண்கள் குலவை போட்டார்கள். அம்மன் பத்திரமாகிவிட்டாள் என்று எங்களுக்கு நிம்மதி.

அதன்பிறகு ரோட்டோர இடத்தைப் பற்றிய பேச்சு நின்றுபோனது. ஒருநாள் காலை, ரப்பர் பாலை எடைபோட்டுவிட்டு ஆட்கள் வாளியோடு திரும்பும் நேரத்தில், புது நிர்வாகத்தின் கிராணி சாமிநாதன் நில அளவுக்காரர்களோடு கோயிலுக்கு வந்தார். கணக்கும் நிர்வாகமும் பார்க்கும் கிராணி அவர். நம் ஆள்தான், தமிழ் நன்றாகப் பேசுவார், நெற்றியில் திருநீறு இல்லாமல் நான் பார்த்ததில்லை. அவர் குரலை உயர்த்தவே இல்லை. "உங்க குருக்கள் சொன்னத நானும் நின்னு கேட்டேன்லா. சாமி சொம்புல எறங்கிருச்சு, செட்டுல வச்சுப் பூசை பண்றீங்க. அப்ப இங்க இருக்கிறது வெறும் கல்லுதானே? கல்ல எடுக்க நான் யாருகிட்ட கேக்கணும்?" என்றார். கூடி நின்ற யாராலும் அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் கொடுமை. நாங்கள் நம்புவதைத்தான் அவர் எங்களுக்கே திருப்பிச் சொன்னார். உன் அம்மாவுக்கு நேற்று ஏன் அப்படி ஆனது என்று இப்போது புரியும். அவள் அன்று அந்தக் கூட்டத்தில் பால் வாளியோடு நின்றிருந்தாள்.

பதில் சொன்னது உன் பெரியம்மா அஞ்சலை. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் வாய்க்குப் பயந்து கங்காணிகளே அவள் பால் எடுக்கும் மர நிரைப் பக்கம் சுற்றிக்கொண்டு போவார்கள். வாளியைக் கீழே வைத்துவிட்டு, "கிராணி ஐயா, அம்மாவ எறக்குனாங்க, சரி. முனிய யாரு எறக்குனா?" என்று கேட்டாள்.

எல்லாச் சாமிக்கும் சேர்த்துத்தானே செய்தார் என்றார் கிராணி.

"எங்க சேத்து? குருக்கள் அந்தப் பக்கம் காலே வைக்கலியே. சுருட்டு நாத்தம்னு மூக்கப் பொத்திக்கிட்டுல்ல போனாரு. நீங்களும் பக்கத்துலதான நின்னீங்க?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். கிராணி சிரிக்கவில்லை. அஞ்சலை விடவில்லை. "உங்க கணக்குப்படியே பாத்தாலும் அவரு இன்னும் அங்கதான் நிக்கிறாரு. அவரு போற வரைக்கும் இது கோயில்தான். அளவுச் சங்கிலிய மடிச்சு வைக்கச் சொல்லுங்க."

அளவுக்காரர்கள் சீனர்கள். என்ன பேச்சு என்று கிராணியிடம் கேட்டார்கள், அவர் மலாயில் ஏதோ சொன்னார், சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வாரமே கிராணி தானே ஈப்போவுக்குப் போய், முனியையும் இறக்கிக் கொடுங்கள் என்று குருக்களைக் கேட்டிருக்கிறார். அது எங்கள் முறையில் இல்லை என்று குருக்கள் கையை விரித்துவிட்டார். பிறகு தோட்டத்துப் பூசாரி முத்துவேலுவைப் பிடித்தார். முத்துவேலு காலையில் பால் எடுக்க மரம் வெட்டுவார், சாயங்காலம் மணியடிப்பார். பயந்த மனிதர். ஆனால் முனி விஷயத்தில் அவருக்கு ஒரே பேச்சு. "அவரு வாரேன்னு சொல்லாம நான் எப்படிங்கையா எறக்குறது? உத்தரவு கேட்டுப் பாப்போம்லா." நம் ஆட்கள் உத்தரவு கேட்பது பூ வைத்து. சாமியின் தலையில் பூவை வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். பூ தானாக விழுந்தால் சம்மதம். கற்பூரம் அணையும்வரை விழாவிட்டால் சம்மதமில்லை. இது கிராணிக்கும் தெரிந்த வழக்கம்தான். சரி என்றார்.

வெள்ளிக்கிழமை கேட்டார்கள். தோட்டமே கூடி நின்றது, வெளியே போய்விட்ட குடும்பங்களும் வந்திருந்தன. முத்துவேலு கற்பூரம் ஏற்றினார். அரளிப் பூவை வைத்தது அஞ்சலை. வெள்ளிக்கிழமைதோறும் அந்த இடத்தைப் பெருக்கிக் கல்லைக் கழுவி விடுகிறவள் அவள்தான், ஆகவே யாரும் அதை வித்தியாசமாக நினைக்கவில்லை. பூ விழவில்லை. காற்று இல்லை, அதுதான் காரணம் என்று கிராணி சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை நல்ல காற்று. அப்போதும் விழவில்லை. பூ சரியில்லை என்று அடுத்த தடவை ஈப்போ சந்தையிலிருந்து அவரே மல்லிகை வாங்கி வந்தார். அதையும் அஞ்சலைதான் வாங்கி வைத்தாள். அதுவும் இருந்த இடத்திலேயே இருந்தது. அன்றைக்கு நான் கவனித்தது பூவை அல்ல. முதல் இரண்டு தடவையும் சப்பாத்தோடு தள்ளி நின்ற கிராணி, அன்று அதைக் கழற்றிக் காரடியில் வைத்துவிட்டு வந்து நின்றார்.

அந்தக் கல்லின் உச்சியில் ஒரு குழி இருக்கிறது, தம்பி. கட்டைவிரல் உள்ளே போகும் அளவுக்கு. சின்னப் பூவை அதில் வைத்தால் புயல் அடித்தாலும் விழாது. நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அஞ்சலைக்கு அது தெரியாமல் இருக்க வழியே இல்லை. கிராணி கையை நீட்டி ஒரு தடவை தடவிப் பார்த்திருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும். இடையில் இருந்தது நாலு எட்டுத் தூரம். வெறும் கல் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னவருக்கு அந்தக் கல்லைத் தொட ஏன் கை வரவில்லை என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பூ விழவில்லை என்று பத்திரிகைக்கு எழுதினேன். அது உண்மை. குழியைப் பற்றி எழுதவில்லை. அதற்காக எனக்கு ஒரு நாளும் உறக்கம் கெட்டதில்லை. எந்த ஆசிரியர் கேட்டிருந்தாலும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன்.

செய்தி வந்தபின் மற்றத் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் வந்து பார்க்க ஆரம்பித்தார்கள். முதலாளிகளுக்கு நிலம் காலியாகவேண்டிய அவசரம். மரம் வெட்டும் குத்தகைக்காரர்கள் இயந்திரங்களைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். கடைசியில் மெயின் ரோட்டோர இடத்தைக் கோயில் பெயருக்கே முறையாக எழுதிக் கொடுத்தார்கள். அதன்பிறகு இன்னொரு தடவை பூ கேட்டோம். அன்றைக்கு அஞ்சலை பூவை உச்சியில் வைக்கவில்லை, ஓரத்தில் வைத்தாள். கற்பூரம் பற்றி முடிவதற்குள் விழுந்துவிட்டது. முதலில் அம்மன் போனாள், கடைசி லாரியில் முனி. ஓட்டியவர் ஒரு மலாய்க்காரர். "டத்தோவைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று பெண்களிடம் மலாயில் சொல்லிவிட்டு, மேட்டுத் தோட்டத்துச் செம்மண் பாதையில் வண்டியை அவ்வளவு மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தார். முனியை அவர் மரியாதையாகத்தான் அழைத்தார். அவரிடம் யாரும் எந்த ஆகமத்தையும் விளக்கிச் சொல்லியிருக்கவில்லை.

நீ இப்போது செயலாளராக உட்கார்ந்திருக்கும் கோயில் நிலம் வந்த வழி இதுதான். நன்கொடை கொடுத்தவர்களின் பெயரைச் சலவைக்கல்லில் வெட்டுகிறீர்கள், நல்லது, வெட்டுங்கள். அம்மனைச் சொம்பில் இறக்கிவிட்டு நாங்கள் அத்தனை பேரும் வாயடைத்து நின்றபோது, இடத்தை விட்டு நகராமல் நின்றவர் ஒருவர்தான். அவர் நகராததற்குக் காரணம் தெய்வசக்தியா, அவரை யாருமே சாமியாக மதித்துக் கும்பத்துக்கு அழைக்கவில்லை என்பதா என்று நீ கேட்கலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். எனக்குப் பக்தி குறைவு என்பது உன் அம்மாவுக்குத் தெரியும், உனக்கும் தெரியும். சம்சு நாற்றம் எனக்கும் பிடிக்காது. கோழி வெட்டும்போது நானும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன்தான். ஆனால் என் முகத்தை நான் திருப்பிக்கொள்வது வேறு, அவரை ஆற்றில் தள்ளுவது வேறு.

உன் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. வங்கியில் உன்னோடு வேலை செய்கிறவர்கள் கும்பாபிஷேகத்துக்கு வருவார்கள். வாசலில் வேட்டி சுற்றிய முகமில்லாத கல்லையும் அதன் முன்னால் புகையும் சுருட்டையும் பார்த்து, இது என்ன என்று கேட்பார்கள். என்ன சொல்வது என்று உனக்குக் கூச்சம். நான் முதன்முதலாகக் கோலாலம்பூருக்குப் போய்ப் பத்திரிகை அலுவலகத்தில் உட்கார்ந்தபோது, தோட்டத்தான் என்று தெரிந்துவிடக் கூடாதென்று பேச்சையே மாற்றிக்கொண்டவன்தான். அதனால் அந்தக் கூச்சத்தை நான் பழிக்கவில்லை. அதைக் கொண்டுபோய்த் தீர்மானமாக எழுதாதே என்றுதான் சொல்கிறேன். கூச்சம் நமக்குள் இருந்தால் நம்மோடு போகும். கூட்டத்தில் நிறைவேற்றிவிட்டால் அது சட்டமாகிவிடும். இன்றைக்கு முனி அழகாக இல்லை என்பார்கள். நாளைக்கு முத்துவேலு மாதிரி மந்திரம் தெரியாத பூசாரி அழகாக இல்லை என்பார்கள், அஞ்சலை மாதிரி பெண்கள் முன்வரிசையில் உட்கார்வது அழகாக இல்லை என்பார்கள். பெண்கள் விஷயம் ஏற்கெனவே நடந்துவிட்டது. முத்துவேலு செத்துப்போனதால் அவர் அந்த அவமானத்திலிருந்து தப்பித்தார்.

பழைய ஆட்களின் மனம் நோகாமல் இருக்க, முனியிடம் பூ உத்தரவு கேட்டுவிட்டே எடுக்கலாம் என்று தலைவர் யோசனை சொன்னதாகச் சொன்னாய். அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். அதற்காகத்தான் குழி விஷயத்தை இந்தக் கடிதத்தில் எழுதியிருக்கிறேன். இனி அது ஊருக்கே தெரியும். இந்த முறை பூவை நடுவில் வைத்து நாங்கள் ஒளிந்துகொள்ள மாட்டோம். அன்று கிராணியிடம் எங்களுக்கு அதிகாரம் இல்லை, ஆகவே சாமி சொன்னதாகச் சொன்னோம். இன்று உங்களிடம் அப்படிச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. சாமி சொல்லவில்லை, நாங்கள் சொல்கிறோம். அவர் போகமாட்டார்.

இன்று காலை அஞ்சலை வீட்டுக்குப் போனேன். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் தாமான் குடியிருப்பில் மகளோடு இருக்கிறாள், முழங்கால் வலி, அதிகம் நடப்பதில்லை. குழு முடிவை நீதான் அவளிடம் போய்ச் சொல்லவேண்டும் என்று தலைவர் சொல்லியிருப்பதாக நேற்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாயே, அந்த வேலையை நான் உனக்காகச் செய்து முடித்துவிட்டேன் என்று நினைக்காதே. அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. சேவலுக்குச் சொல்லிவிட்டாள், மேளத்துக்கும் சொல்லிவிட்டாள். காம்பாரிலும் சித்தியவானிலும் இருக்கிற பழைய ஆட்களுக்கு அவள் பேரன் ஃபோன் செய்துகொண்டிருந்தான். நீ வருவாய் என்று சொன்னேன். "வரட்டும், நான் தூக்கி வளத்த புள்ளதான. என்கிட்ட சொல்ல வேணாம், அவருக்கு முன்னால நின்னு அவருகிட்டயே சொல்லச் சொல்லுங்க" என்றாள்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை முனிக்குப் படையல். மறைவாக அல்ல, வாசலில், உங்கள் லாரி வரும் நேரத்தில். என் கைக்கு எட்டிய பத்திரிகைகளுக்கெல்லாம் தகவல் கொடுத்திருக்கிறேன், நிருபர்கள் வருவார்கள். உன் அம்மா காலையிலேயே போய் இலை கழுவ உட்கார்ந்துவிடுவாள். கிந்தா ஆற்றுக்கு எதையும் அனுப்பும் உத்தேசம் எங்களுக்கு இல்லை. தலைவருக்கு ஒரு இலை உண்டு, குழுவினர் அத்தனை பேருக்கும் உண்டு, லாரிக்காரருக்கும் உண்டு. உனக்கு என் பக்கத்தில். வருகிறவர்கள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். எடுத்துக்கொண்டு போவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

உன் அப்பா